வெறும் பொதி

18 பெப்ரவரி 2008, திங்கள்

ஒஸ்லோவில், எங்கள் ட்வெய்ட்டா நிலக்கீழ் ரயிலுக்கு இறங்குகிற சரிவில் இன்று காலை சறுக்கி விழுந்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. ஆகவே விழாத கணக்குத்தான்.

வேலையில் ஹேகே புது அட்டவணை போட்டிருக்கிறாள். எங்களிடம் பதினொரு சேர்வர்கள், எல்லாம் டெபியன் இயங்குதளத்தின் பழைய பதிப்பில் ஓடுகின்றன. அந்தப் பதிப்புக்கு மார்ச் முப்பத்தொன்றுக்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. அதற்குள் பதினொன்றையும் புதிய பதிப்புக்கு ஏற்றிவிட வேண்டும். ஆறு எனக்கு, ஐந்து கூட வேலை செய்கிற ஸ்ரீதரன் அண்ணைக்கு. ஹேகே நல்ல மேலாளர்தான், குரல் உயர்த்தமாட்டாள். ஆனால் எழுத்தில் இல்லாத எதுவும் அவளைப் பொறுத்தவரை நடக்கவேயில்லை.

நான் இன்னும் தற்காலிக ஆள். ஜூன் முப்பதோடு ஒப்பந்தம் முடிகிறது. என்னை நிரந்தரமாக்குவதா இல்லையா என்று ஏப்ரலில் முடிவெடுப்பார்களாம். ஏழு வருடம் ஹோட்டலில் கட்டில் விரித்துக்கொண்டே படித்தவள் நான். ஒருவருக்கும் சொல்லாததை இங்கே எழுதிவைக்கிறேன்: எனக்கு இந்த வேலை வேண்டும். மிகவும் வேண்டும்.

21 பெப்ரவரி

இரண்டு முடிந்தது. நாலு மிச்சம். கண் எரிகிறது.

27 பெப்ரவரி, புதன்

சாப்பிடும்போது என் மனுசன் குகநேசன் கேட்டார்: "அப்டேற் எண்டால் ஒரு பட்டனை அமத்திற அலுவல்தானே? என்னப்பா ஒரு கிழமையா மூஞ்சை இப்பிடிக் கிடக்கு?"

அவர் பஸ் ஓடுகிறவர். தன் பஸ்ஸில் இருக்கிற ஒவ்வொரு பட்டனையும் எனக்கு விளக்கியவர். நானும் விளக்கினேன். சேர்வரில் இருக்கிற ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதி. ஒரு பொதியும் தனியாக வராது. இன்னார் இருந்தால்தான் நான் இருப்பேன் என்று ஒரு பட்டியலோடு வரும். பட்டியலில் உள்ளவருக்கும் ஒரு பட்டியல் இருக்கும்.

"கலியாணத்துக்கு ஆள் சொல்லுற மாதிரித்தான்," என்றேன். "பெரியப்பா வீட்டுக்குச் சொன்னால் சித்தப்பா வீட்டுக்கும் சொல்ல வேணும். சித்தப்பா வந்தால் மாமா வரமாட்டார்."

"அப்ப மாமாவை விடும்."

"மாமா வராட்டிச் சமையலுக்கு ஆளில்லை."

எங்கள் நாலு வயது மகள் யதுர்ஷா எந்த மாமா வரமாட்டார் என்று அழத் தொடங்கிவிட்டாள். அவளைச் சமாளிக்கவே பத்து நிமிடம் போனது.

இன்று ஒரு சேர்வர் என்னிடம் கேட்டது: நூற்றுப் பதின்மூன்று பொதிகளை நீக்கப்போகிறேன், சம்மதமா? ஓம் என்று அழுத்தப் போன கையை மடியில் வைத்துக்கொண்டு பட்டியலை வாசித்தேன். நூற்றிரண்டாவதாக வாடிக்கையாளரின் மின்னஞ்சல் முழுவதையும் நடத்துகிற பொதி நின்றது! கடைசிவரை வாசிக்கிறவளுக்குத்தான் இந்தத் தொழில்.

ஸ்ரீதரன் அண்ணைக்கு வாய்த்ததுதான் மோசம். ஒன்பது கிளை உள்ள மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றின் சேர்வர். கண் பரிசோதனைக்கு நேரம் பதிகிற நிரலை எழுதிய கம்பனி எப்போதோ மூடிப்போய்விட்டது. அந்த நிரல் ஓடுவதற்கு லைப்ரரி என்கிற துணைத் தொகுப்பு ஒன்று வேண்டும், அதுவும் பழையதுதான் வேண்டும், அதன் புதிய பதிப்பு சரிவராது. சேர்வரைப் புதுப்பித்தால் பழைய லைப்ரரி போகும். அது போனால் கடையின் நிரலும் சேர்ந்து போகும். அதை விடமாட்டேன் என்று பிடித்தால் மற்ற எதுவும் நகராது.

"அண்ணை, நான் ஒருக்கால் பாக்கட்டோ?" என்று கேட்டேன்.

"நீர் உம்மட அலுவலைப் பாரும் தங்கச்சி," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

7 மார்ச்

என் ஆறும் முடிந்தது! ஹேகே கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனாள். அவளுக்கு அது பெரிய பாராட்டு.

14 மார்ச், வெள்ளி

ஸ்ரீதரன் அண்ணை நாளை குடும்பத்தோடு லண்டனுக்குப் போகிறார், மச்சானின் கலியாணம். ஈஸ்டர் விடுமுறையும் சேர்ந்து வருவதால் இனி இருபத்தேழாம் திகதிதான் வேலைக்கு வருவார். நாலு மணிபோல், ஜக்கெற்றையும் போட்டுக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"கண்ணாடிக்கடை முடிஞ்சுது, நிலானி. பழைய லைப்ரரியையும் பக்கத்தில வைச்சுவிட்டிருக்கிறன், ஒரு பிரச்சினையும் இல்லை. ஈஸ்டர் முடிய நீர் வழமையான அப்டேற்றை ஓட்டும்."

"உண்மையாவோ அண்ணை? எப்பிடிச் செய்தனீங்கள்?"

"பிறகு சொல்லுறன், பிளைற்றுக்குச் சாமான் கட்ட வேணும்."

இங்கே ஒவ்வொரு வேலைக்கும் பதிவேட்டில் ஒரு 'சாக்' திறந்து, என்ன செய்தோம் என்று நோர்வேஜிய மொழியில் எழுத வேண்டும். நாங்கள் இருவரும் எங்களுக்குள் அதை எழுதுவதில்லை. தமிழில் வாயால் சொல்லிவிட்டுப் போய்விடுவோம். ஹேகேக்குத் தெரிந்தால் துள்ளுவாள். ஆனால் எனக்கு இந்த வேலையை எடுத்துத் தந்தவரே அவர்தான். என் விண்ணப்பத்தைத் தன் கையால் கொண்டுபோய் ஹேகேயின் மேசையில் வைத்தவர். அவரிடம் போய் 'எழுதித் தாங்கோ' என்று கேட்டால், உங்களை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. எந்தத் தமிழ் ஆள் கேட்கும்?

22 மார்ச்

ஈஸ்டர். ஒஸ்லோவில் ஆளே இல்லை, எல்லாரும் மலைக்குப் போய்விட்டார்கள். குகநேசன் வெறும் பஸ் ஓடுகிறார்.

25 மார்ச், செவ்வாய்

ஒன்பதேகாலுக்குக் கண்ணாடிக்கடைச் சேர்வரில் அப்டேற்றை ஓட்டினேன். வழமையான சின்னத் திருத்தங்கள்தான், ஏழோ எட்டோ பொதிகள். கடைசியில் அது கடையின் நிரலை நிறுத்தித் திரும்ப எழுப்பியது. நின்றது. எழும்பவில்லை.

ஒன்பது கடைகளில் இருந்தும் அழைப்பு. ஈஸ்டர் முடிந்த முதல் நாள், ஒவ்வொரு கடையிலும் சனம் வரிசையில் நிற்கிறதாம். லைப்ரரியைக் காணவில்லை என்கிறது நிரல். பொதிப் பட்டியலைப் பார்த்தால் அந்த லைப்ரரி இருக்கிறது, நிறுவப்பட்டிருக்கிறது என்று பதில் வருகிறது. இருக்கிறது என்றால் எங்கே? அண்ணையின் போனுக்குப் பதினொரு தரம் அடித்தேன். அணைத்து வைத்திருக்கிறார்.

கடைசியில் பழைய காப்புப் பிரதியில் இருந்து அந்தக் கோப்பை எடுத்து, கையால் கொண்டுபோய் வைத்தேன். இரண்டு மணி பத்துக்கு நிரல் எழும்பியது. ஐந்து மணித்தியாலம். ஹேகே எனக்குப் பின்னால் நின்று நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தாள். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

26 மார்ச்

அந்தச் சேர்வருக்கான என் அனுமதியை எடுத்துவிட்டார்கள். விசாரித்து முடியும்வரைக்கும் என்று மின்னஞ்சலில் ஒரு வரி.

27 மார்ச், வியாழன்

எப்படி எழுதுவது?

கூட்ட அறையில் மூன்று பேர். ஹேகே, நான், லண்டனில் இருந்து வந்த ஸ்ரீதரன் அண்ணை. வரும்போது எனக்கு லண்டன் மிக்சர் ஒரு பை கொண்டுவந்து தந்தவர். அதை மடியில் வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஏன் அந்தச் சேர்வரில் அப்டேற்றை ஓட்டினாய் என்று ஹேகே கேட்டாள். வேலை முடிந்தது, ஓட்டலாம் என்று பதினாலாம் திகதி ஸ்ரீதரன் சொன்னார் என்றேன். ஹேகே அவர் பக்கம் திரும்பினாள்.

அவர் நோர்வேஜிய மொழியில், நிதானமாகச் சொன்னார்: "அப்படி நான் சொல்லவில்லை. நான் வரும்வரை தொடவேண்டாம் என்றுதான் சொன்னேன்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்தார்.

"சாக்கில் எங்கே இருக்கிறது?" என்றாள் ஹேகே. எங்கேயும் இல்லை. அவர் எழுதவில்லை, நான் கேட்கவில்லை. "ஏன் எழுத்தில் இல்லாமல் கை வைத்தாய்?" என்று கேட்டாள். எங்கள் ஆட்களிடம் அப்படிக் கேட்கிறதில்லை என்று நோர்வேஜிய மொழியில் எப்படிச் சொல்வது?

பதிவேட்டில் இருப்பது என் பெயர். ஒன்பதேகாலுக்குக் கட்டளை கொடுத்தது என் பெயர். இனி அந்தச் சேர்வரை ஸ்ரீதரன் மட்டும் பார்ப்பார் என்று முடிவானது. என் நிரந்தர வேலை பற்றிய பேச்சு "மதிப்பீடு முடிந்த பிறகு."

மிக்சரை ரயில் நிலையத்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

28 மார்ச்

தொட வேண்டாம் எண்டு சொன்னவராம். தொட வேண்டாம் எண்டு! ஜக்கெற்றோட வந்து நிண்டு, ஓட்டும் எண்டு சொன்ன அதே வாய். தங்கச்சி தங்கச்சி எண்டு கூப்பிட்ட வாய்.

30 மார்ச், ஞாயிறு

குகநேசன் பட்மின்ரனால் வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் ஸ்ரீதரன் அண்ணையும் ஒரே பக்கத்தில் விளையாடுகிறவர்கள். இன்று போகவேண்டாம் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. வரும்போது எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிவந்தார்.

"விட்டிடும் அப்பா," என்றார். "அவர் அந்த நேரம் பயந்து சொல்லியிருப்பார். நல்ல மனுசன். கொஞ்சம் பொறும், எல்லாம் சரிவரும்."

அவரின் தோளில் சாய்ந்துகொண்டு ஒரு பாட்டம் அழுதேன். இந்த மனிதனாவது இருக்கிறார்.

4 ஏப்ரல்

இரண்டு கிலோ குறைந்திருக்கிறேன். ஒன்றும் இறங்குதில்லை.

ஒருவேளை நான்தான் பிழையோ? அவர் சொன்னதை அப்படியே பதினாலாம் திகதிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன், ஆனால் அதுவும் என் கையெழுத்துத்தானே. என் டயரியை ஹேகேயிடம் தமிழில் வாசித்துக் காட்டவா முடியும்?

அப்படிப் பார்த்தாலும், லைப்ரரி எங்கே போனது? என் அப்டேற் அதை அழித்திருந்தால் எப்படி அழித்தது என்றாவது தெரிய வேண்டும். பிழை விட்டிருந்தால் எந்த இடத்தில் விட்டேன் என்று தெரியாமல் இருப்பதுதான் என்னைத் தின்கிறது.

10 ஏப்ரல், வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்.

கண்ணாடிக்கடைச் சேர்வருக்குள் போக எனக்கு அனுமதி இல்லை. ஆனால் காப்புப் பிரதிகள் இருக்கிற சேர்வர் என் பொறுப்பு, அதை ஒருவரும் என்னிடமிருந்து எடுக்கவில்லை. இன்று மதியம் எல்லாரும் சாப்பிடப் போன நேரம் மார்ச் இருபத்துநாலாம் திகதிப் பிரதியைத் திறந்தேன். நான் கை வைப்பதற்கு முதல் நாள். பொதிப் பட்டியலை வரி வரியாக வாசித்தேன். அந்த லைப்ரரி இருந்தது. பருமன்: எட்டு கிலோபைற்.

அந்த லைப்ரரிக்கு இரண்டு மெகாபைற்றுக்கு மேலே வரவேண்டும். எட்டுக் கிலோபைற்றில் என்ன இருக்கும்?

ஒன்றும் இல்லை. உள்ளே இரண்டு சின்ன எழுத்துக் கோப்புகள். உரிமைக் குறிப்பு ஒன்று, மாற்றக் குறிப்பு ஒன்று. லைப்ரரியே இல்லை. 'நான்தான் அந்த லைப்ரரி' என்று வெளியே பெயர் மட்டும் எழுதிய வெறும் பொதி. இப்படிப் பொய்ப் பொதி செய்ய ஒரு கருவி இருக்கிறது, எனக்குத் தெரியும். பரிசோதனைக்கு வைத்துப் பார்க்கிற சாமான் அது. வாடிக்கையாளரின் சேர்வரில் வைக்கிற சாமான் இல்லை. பட்டியலைச் சரிபார்க்கிற சேர்வர் பெயரைப் பார்த்தது, ஆள் இருக்கிறார் என்று நம்பியது, பழையதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுப்பிப்பை முடித்தது.

ஆனால் அதைச் செய்தவர் கடையின் நிரலை நிறுத்தவில்லை. ஓடிக்கொண்டிருந்த நிரல் தான் ஏற்கெனவே நினைவில் ஏற்றி வைத்திருந்ததை வைத்துக்கொண்டு பதினொரு நாள் ஓடியது. யார் முதலில் அதை நிறுத்தி எழுப்புகிறாரோ அவர் கையில் விழும்.

என் கையில் விழுந்தது.

மாற்றக் குறிப்பை அந்தக் கருவி தானாகவே எழுதும். யார் செய்தது, எப்போது செய்தது. ஸ்ரீதரனின் முழுப் பெயர், மின்னஞ்சல். வெள்ளி, 14 மார்ச் 2008, பிற்பகல் 3:42. நாலு மணிக்கு என் மேசைக்கு வந்தார்.

முதலில் சந்தோஷம்தான் வந்தது, பொய் சொல்லவில்லை. நான் பிழை விடவில்லை. பிறகுதான் அந்த 3:42ஐத் திரும்ப வாசித்தேன். கூட்டத்தில் சொன்னது பயத்தில் வந்த பொய் என்று நினைத்திருந்தேன். ஓட்டும் என்று சொல்லும்போதே, உள்ளே ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

11 ஏப்ரல், வெள்ளி

நேற்று ஒருவருக்கும் சொல்லவில்லை. குகநேசன் பின்னேர வேலை முடிந்து வந்தபோது நான் நித்திரை. இன்று அவருக்கு விடுமுறை. நான் வேலையால் வர அவர் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றார்.

"நான் ஒண்டு கண்டுபிடிச்சிட்டன்," என்றேன்.

திரும்பாமலே கேட்டார்: "என்ன, அந்த வெறும் பொதியே?"

குழாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நான் போய் மூடினேன்.

"நான் இன்னும் உங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லையே."

கத்தியைக் கீழே வைத்தார். முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது, அப்படியும் கேட்டேன். "எப்ப தெரியும்?"

"அண்ணை... பட்மின்ரனுக்கு வந்த இடத்தில சொன்னவர். அவருக்கும் மனம் சரியில்லை, நிலானி. மூண்டு கிழமையா முயற்சி செய்து சரிவரேல்லையாம். வந்து திருத்துவம் எண்டுதான் வைச்சிட்டுப் போனவராம். உம்மட்டை வந்து கேக்க வெக்கமா இருந்ததாம்."

"எந்த ஞாயிறு?"

வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினார்.

"எந்த ஞாயிறு எண்டு கேட்டனான்."

"முப்பதாம் திகதி."

ஐஸ்கிரீம் வாங்கிவந்த ஞாயிறு.

"உமக்காகத்தான் அப்பா. நீர் பிரச்சினைப்படுத்தாட்டி, தான் ஹேகேயோட கதைச்சு உம்மை நிரந்தரமாக்குவிப்பன் எண்டவர். நான் யோசிச்சன், கொஞ்ச நாள் பொறுத்தால் ரெண்டு பக்கமும்..."

ரெண்டு பக்கமுமாம். எனக்கு எது பக்கம்? பன்னிரண்டு நாள். நான் இந்த வீட்டில சாப்பிடாமல் திரிஞ்ச பன்னிரண்டு நாளும் பக்கத்தில படுத்துக் கிடந்திருக்கிறார், எல்லாம் தெரிஞ்சுகொண்டு. நான்தான் பிழையோ, நான்தான் பிழையோ எண்டு கேக்கக் கேக்க முதுகைத் தடவிக்கொண்டு!

ஸ்ரீதரன் எனக்கு யார்? வேலை எடுத்துத் தந்த ஆள். இவர்?

12 ஏப்ரல்

யதுர்ஷாவின் கட்டிலில் படுத்தேன்.

14 ஏப்ரல், திங்கள்

நேற்று வருடப்பிறப்பு. யதுர்ஷாவுக்காகப் பொங்கினேன். குகநேசன் பெரிய கிண்ணத்தில் எனக்குப் போட்டுத் தந்தார். சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

இன்று காலை வேலைக்குப் போனதும் சாக் திறந்தேன். நோர்வேஜிய மொழியில் எழுதினேன். முதல் எழுதியதில் 'ஏமாற்று' என்ற சொல் மூன்று தரம் வந்தது. அழித்தேன். இரண்டாவது தரம் எழுதியதில் 'துரதிர்ஷ்டவசமாக' என்று வந்தது. அதையும் அழித்தேன். மிஞ்சியது ஏழு வரி. எந்தப் பிரதி, எந்தப் பொதி, பருமன் என்ன, உள்ளே என்ன இருக்கிறது, செய்தவர் பெயர், திகதி, நேரம். மார்ச் பதினாலாம் திகதி அவர் எனக்கு வாயால் சொன்னதை மொழிபெயர்த்துக் கடைசி வரியாக வைத்தேன். அதை எழுத்தில் கேட்டு வாங்காதது என் தவறு என்றும் எழுதினேன். அது உண்மைதானே.

அனுப்பமுதல் குகநேசன் காலையில் சொன்னதை நினைத்தேன். "யோசிச்சுச் செய்யும். நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு முகம் பாக்க வேணும்." முகம் பார்ப்பதற்காகத்தானே மனுசர் உண்மை பேசுவது? அனுப்பிவிட்டேன்.

15 ஏப்ரல், செவ்வாய்

ஹேகே எங்கள் இருவரையும் கூப்பிட்டாள். எங்கள் முன்னாலேயே கண்ணாடிக்கடைச் சேர்வரைத் திறந்தாள். அந்தப் பொதி இன்னும் அங்கேயே இருந்தது. இத்தனை நாளில் அவர் அழித்திருக்கலாமே என்று ஒரு கணம் யோசித்தேன், பிறகு விளங்கியது: அதை எடுத்தால் கடையின் நிரலும் சேர்ந்து போய்விடும். பொய்யைக்கூட எடுக்க முடியாமல் இருந்திருக்கிறார்.

"இது உன்னுடையதா?" என்றாள் ஹேகே.

"தற்காலிகமாகச் செய்தேன்," என்றார்.

"ஓட்டலாம் என்று அவளிடம் சொன்னாயா?"

திரையில் இருந்த பொதியின் பெயரைப் பார்த்தார். பிறகு ஓம் என்றார். 'யா' என்று, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, நோர்வேஜியர் சொல்கிற மாதிரி.

வெளியே படிக்கட்டில் என்னை மறித்தார்.

"என்னட்டைத் தமிழில ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம், நிலானி. நானே போய்ச் சொல்லியிருப்பன். அவளுக்கு எழுதிக் குடுத்திட்டீர் என்ன."

"நீங்கள் தமிழில சொன்ன சொல்லை நம்பித்தானே அண்ணை நான் இதுக்குள்ள வந்து நிக்கிறன்."

"உம்மட்டை வந்து எனக்குத் தெரியாது எண்டு நான் சொல்லுறதே? உம்மை இஞ்சை கொண்டுவந்து விட்டவன் நான்."

"சொல்லியிருந்தால் ஒரு பின்னேரத்தில செய்து தந்திருப்பன்."

அதுதான் அவருக்குச் சுட்டது என்று முகத்தில் தெரிந்தது. வேண்டுமென்றே சொன்னேன். எனக்கும் சுட வேண்டும் போல இருந்தது.

17 ஏப்ரல்

அனுமதி திரும்பக் கிடைத்தது. பழைய லைப்ரரியை வேறு பெயரில், தனி இடத்தில், உண்மையான பொதியாகக் கட்டினேன். புதியது தன் பாட்டில் இருக்கும், பழையது கடையின் நிரலுக்கு மட்டும். கடையின் பொதியைத் திறந்து, அதன் பட்டியலில் இருந்த பெயரை மாற்றினேன். பிறகு வெறும் பொதியை நீக்கச் சொன்னேன். ஒரு பொதியை நீக்கப்போகிறேன் என்றது. ஒன்றே ஒன்று. ஓம் என்றேன்.

கடைகள் பூட்டிய பிறகு நிரலை நிறுத்தி எழுப்பினேன். எழும்பியது. திரும்ப நிறுத்தினேன். எழும்பியது. சேர்வரையே அணைத்துப் போட்டேன், எழும்பியது! ஹேகே கோப்பியோடு பின்னால் நின்று, "போதும் நிலானி, அதற்கும் களைக்கும்," என்றாள். சிரித்தேன். எத்தனை நாளுக்குப் பிறகு.

செய்து முடிக்க மூன்றரை மணித்தியாலம் எடுத்தது. ஒரு பின்னேரம்.

20 ஏப்ரல், ஞாயிறு

மங்களேஸ்வரி அக்கா அழைத்தா. ஸ்ரீதரனின் மனைவி. யதுர்ஷா பிறந்தபோது லோறென்ஸ்கூக்கில் இருந்து பஸ் ஏறி ஒரு மாதம் எனக்குப் பத்தியச் சாப்பாடு கொண்டுவந்தவ.

"அவருக்கு எழுத்தில எச்சரிக்கை குடுத்திருக்கினம். பதினாறு வருச சேர்விசில முதல் தரம். இப்ப நிம்மதியோ?" என்றா. "அவர் இல்லாட்டி நீர் இண்டைக்கும் ஹோட்டலில கட்டில் விரிச்சுக்கொண்டு நிண்டிருப்பீர்."

"அக்கா, அவர் செய்ததை நான் செய்ததா—"

"எனக்கு உங்கட கொம்பியூட்டர்க் கதை விளங்காது. நீர் ஒரு தமிழனை வெள்ளைக்காரியிட்டக் காட்டிக் குடுத்தனீர். அது விளங்கும்."

வைத்துவிட்டா. காட்டிக் கொடுத்தது நானாம்.

5 மே, திங்கள்

ஜூலை ஒன்றில் இருந்து நிரந்தரம். கடிதம் கையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டேன். அம்மாவுக்குத் திருகோணமலைக்கு அழைத்துச் சொன்னேன், அழுதா. குகநேசனுக்குச் சொன்னேன், கட்டிப்பிடித்தார். நான் கைகளைக் கீழே விட்டபடி நின்றேன், பிறகு தூக்கி அவர் முதுகில் வைத்தேன்.

17 மே

தேசிய தின ஊர்வலம். ஸ்ரீதரனின் குடும்பத்தை எதிரில் கண்டேன். நான் கை காட்டினேன். அவர்கள் கொடியைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

9 ஜூன், திங்கள்

குகநேசன் பட்மின்ரனை விட்டுவிட்டார். நான் கேட்கவில்லை, அவராகத்தான். இரவுச் சாப்பாடு அவர்தான் சமைக்கிறார். எங்கே போனாலும் சொல்லிவிட்டுப் போகிறார், வந்தும் சொல்கிறார். நேற்று யதுர்ஷா தூங்கிய பிறகு மன்னிப்புக் கேட்டார், ஒழுங்காக, காரணம் ஒன்றும் சொல்லாமல். "நான் பிழை விட்டிட்டன். உம்மட பக்கம் நிண்டிருக்க வேணும்."

மன்னித்துவிட்டேன் என்றேன். பொய் இல்லை. கோபம் வரும் என்று தேடிப் பார்த்தேன், வரவில்லை.

வேலையிலும் எல்லாம் ஒழுங்கு. ஸ்ரீதரன் தன் ஒவ்வொரு சாக்கையும் இப்போது பந்தி பந்தியாக எழுதுகிறார். எனக்கு ஏதும் சொல்ல வேண்டுமென்றால் ஹேகேக்கும் பிரதி போட்டு மின்னஞ்சல் அனுப்புகிறார். நான் கேட்ட மாதிரியே எல்லாம் எழுத்தில் வருகிறது.

17 ஜூன், செவ்வாய்

காலை வெள்ளனவே நல்ல வெயில். இந்தக் கிழமை எனக்கு ஏழரைக்குக் கூட்டம் இருப்பதால் குகநேசன்தான் யதுர்ஷாவைப் பாலர் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனார். எட்டேகாலுக்கு அழைத்தார்.

"விட்டிட்டன். இண்டைக்கு அழேல்லை. மஞ்சள் சப்பாத்துத்தான் போடுவன் எண்டு அடம் பிடிச்சவள், அதையே போட்டுவிட்டனான்."

"மழைச் சப்பாத்தோ? இந்த வெயிலுக்கோ?" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். பின்னேரம் என்ன சமைக்கிறது என்று கதைத்தோம். போனை வைத்தேன்.

பிறகு பாலர் பள்ளிக்கு அடித்தேன். யதுர்ஷா வந்துவிட்டாளா என்று கேட்டேன். வந்துவிட்டாள், மஞ்சள் சப்பாத்தோடு மணலுக்குள் இருக்கிறாள் என்றார் ஆசிரியை. ஏதும் பிரச்சினையா என்று கேட்டார்.

இல்லை, சும்மாதான் கேட்டேன் என்றேன். நேற்றும் அவர் அழைத்து வைத்த பிறகு அடித்து, அதைத்தான் சொன்னேன்.